குச்சி முன்னாடி, கேஸ் பின்னாடி!

ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் ஃபிரிஸ்கோ நகரத்தில் ஒரு வீடு. மயிலாடுதுறையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த 62 வயது அம்மா, கையில் இரண்டு பெரிய கத்திரிக்காய்களை வைத்துக்கொண்டு யோசனையாக நின்றுகொண்டிருந்தார்.

பிரச்னை இதுதான். அந்த வீட்டில் நெருப்பு கிடையாது!

அடுப்பு இருக்கிறது. ஆனால், கறுப்புக் கண்ணாடி போட்ட கரன்ட் அடுப்பு. பட்டனைத் திருகினால் கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம் தெரியும். பாத்திரம் சூடாகும். சாதம், சாம்பார், ரசம் எல்லாம் ஆகிவிடும். ஆனால், கத்திரிக்காயைச் சுட முடியாது. அப்பளத்தை வாட்ட முடியாது.

மகனுக்குப் பிடித்தது வெண்பொங்கலும் சுட்ட கத்திரிக்காய் கொத்சுவும். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே கேட்டான். மூன்று மாதம் ஆகியும் அம்மாவால் செய்து கொடுக்க முடியவில்லை. ஒருநாள் கண்ணாடி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் கத்திரிக்காயை வைத்துப் பார்த்தார். புகை கிளம்பியதுதான் மிச்சம். கூரையில் இருந்த ஸ்மோக் அலாரம் வீடே அதிரக் கத்தியது. மகன் மாடியிலிருந்து ஓடிவந்து, துண்டை எடுத்து அலாரத்துக்குக் கீழே விசிறினான்.

"அம்மா, இங்கே இதெல்லாம் பண்ணக் கூடாதும்மா."

அன்றிலிருந்து அம்மா அதைப்பற்றிப் பேசவில்லை. அது மட்டுமல்ல, பல விஷயங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். பாத்திரம் கழுவும் மெஷினில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று ஒரு கணக்கு. ஏ.சி பட்டனைத் தொடக் கூடாது. வாசல் கதவைத் திறக்கும் முன் அலாரத்தை அணைக்க வேண்டும். எதைத் தொட்டாலும், "அம்மா, இரு இரு, நான் பார்த்துக்கறேன்" என்று மகன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால், ஒரு குடும்பத்தையே 35 வருடம் நடத்திய பெண்மணிக்கு, ஒரு நாளைக்குப் பத்து முறை அதைக் கேட்பது என்னவோபோல் இருந்தது. 'சரி, அவன் வீடு. அவனுக்குத் தெரியும்' என்று இருந்துவிட்டார்.

ஜூலை 4 அன்று மருமகள்தான் ஆரம்பித்தாள். "அத்தை, கொல்லைப்பக்கம் கிரில் இருக்கே, அதுல நிஜ நெருப்பு வரும். அதுல கத்திரிக்காயைச் சுடலாமே!"

அம்மாவின் முகம் மலர்ந்தது.

பத்து தடவை 'டிக்'

கிரில் என்பது நம் ஊர்க் கண்ணுக்கு, கால் முளைத்த பெரிய இரும்புப் பெட்டி. மேலே கனமான ஒரு மூடி. உள்ளே நீளமான குழாய்களாக மூன்று நான்கு பர்னர்கள், அவற்றின் மேல் கம்பித் தட்டு. கீழே அலமாரிக் கதவைத் திறந்தால் குட்டி சிலிண்டர். நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். இதில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ. நம் ஊர் சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். இங்கே கிட்டத்தட்ட முழுக்கப் புரோப்பேன். காரணம் குளிர். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுத்துத் திரவமாகத் தங்கிவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும். பனிக்காலத்திலும் அடுப்பு எரிய வேண்டுமென்றால் அதுதான் சரிப்படும்.

வீட்டுச் சுவரோடு ஒட்டி, தாழ்வாரக் கூரைக்குக் கீழே எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது அந்த கிரில். மகன் உறையை உருவிப் போட்டான். அலமாரிக்குள் கைவிட்டு சிலிண்டர் வால்வை ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்தான். முன்னால் இருந்த திருகை அழுத்தித் திருப்பினான். பக்கத்தில் இருந்த பற்றவைக்கும் பட்டனை அழுத்தினான்.

டிக்... டிக்... டிக்...

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். பத்து தடவையாவது இருக்கும். மூடி மூடியே இருந்தது. திருகு 'ஹை'யில் இருந்தது.

"இக்னைட்டர் போயிடுச்சு போல. கேண்டில் ஏத்துற லைட்டர் எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மகன் வீட்டுக்குள் போனான். திருகை மூட மறந்துவிட்டான்.

எட்டு வயதுப் பேத்தி கிரிலுக்குப் பக்கத்தில் நின்று, மூடியின் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டிராயர்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். லைட்டரோடு மகன் கதவைத் திறந்து வெளியே வந்தான்.

அப்போதுதான் அந்த வாசனை அம்மாவின் மூக்கில் ஏறியது. அழுகிய முட்டைகோஸ் மாதிரி ஒரு நாற்றம். புரோப்பேனுக்கு என்று சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். மயிலாடுதுறையிலும் அதே நாற்றம்தான், டெக்ஸாஸிலும் அதே நாற்றம்தான்.

"டேய்! நில்லுடா அங்கேயே! அதைப் பத்த வைக்காதே!"

மூன்று மாதத்தில் அந்த வீட்டில் அம்மா குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

அம்மா பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து, மருமகள் பக்கம் தள்ளினார். திருகை மூடினார். குனிந்து அலமாரிக்குள் கைவிட்டு, சிலிண்டர் வால்வை வலப்பக்கமாகத் திருகி இறுக்கினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒதுங்கி நின்றபடி மூடியை முழுக்கத் திறந்து வைத்தார்.

"பத்து நிமிஷம் யாரும் கிட்ட வரக் கூடாது."

மகனுக்குக் கொஞ்சம் கோபம். "அம்மா, இதெல்லாம் சேஃப்டியா டிசைன் பண்ணினது. நம்ம ஊர் அடுப்பு மாதிரி இல்லை."

"கேஸுக்கு எந்த ஊரா இருந்தா என்னடா?" என்றார் அம்மா. பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மூடியே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அம்மாவுக்கு அனுபவத்தில் தெரிந்ததற்குப் பின்னால் இருக்கும் விஷயம் எளிமையானது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே பறந்து போய்விடாது. தண்ணீர் மாதிரி தாழ்வான இடத்தைத் தேடிப் போய்த் தேங்கும். மூடிய கிரில் என்பது அதற்கு ஒரு பானை.

காற்றில் கேஸ் மிகக் குறைவாக இருந்தால் பற்றாது. மிக அதிகமாக இருந்தாலும் பற்றாது. சுமார் 2 முதல் 10 சதவிகிதம் வரை கலந்திருந்தால், ஒரு பொறி போதும். பர்னரிலிருந்து வர வர எரிய வேண்டிய கேஸ், உள்ளே சேர்ந்த மொத்தமும் ஒரே நொடியில் எரியும். மூடி தூக்கி அடிக்கும். லைட்டரோடு குனிந்து நிற்பவரின் முகமும், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகமும்தான் அதன் எதிரே இருக்கும்.

இது மகனுக்குத் தெரியாததல்ல. இன்ஜினீயரிங் படித்தவன். தெரிந்த விஷயம் அவசரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, இடது கையின் புடவைத் தலைப்பை விலக்கினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், சுருங்கிப் பளபளக்கும் பழைய தழும்பு. அந்தத் தழும்பைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் மகன்.

"இது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"வடை சுடும்போது எண்ணெய் கொட்டினதுதானே? நீதானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன். உனக்கு, உங்க அப்பாவுக்கு, உங்க அப்பத்தாவுக்கு... எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன்."

1992. அந்தக் கூட்டுக்குடும்பத்தில் அதுவரை விறகும் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வும்தான். கேஸ் கனெக்‌ஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். ஒருவழியாகக் கிடைத்தபோது மாமியார் ஒரே பிடிவாதமாக நின்றார். "அது வெடிக்கும். பச்சைப்புள்ளை இருக்கிற வீட்டுல அந்தக் குண்டு வேண்டாம்." அம்மா கெஞ்சி, அழுது, ஒரு வாரம் பேசாமல் இருந்து, கடைசியில் கணவரைச் சம்மதிக்க வைத்தார். "ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் அன்னைக்கே இதைத் திருப்பி அனுப்பிடணும்" என்ற நிபந்தனையோடுதான் அடுப்பு உள்ளே வந்தது.

ஐப்பசி மாதம். விடாத மழை. கரன்ட் இல்லை. பெரியவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இரண்டு வயது மகன் பாலுக்கு அழுதுகொண்டிருந்தான். பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, அம்மா பழக்க தோஷத்தில் திருகைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டிக்குக் கைநீட்டினார். வழக்கமான இடத்தில் தீப்பெட்டி இல்லை. இருட்டில் தேடினார். சாமி அலமாரியில் ஒன்று கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மழை ஈரத்தில் மருந்து ஊறிப்போயிருந்தது. முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவது முறிந்தது. மூன்றாவதும் பற்றவில்லை.

இதற்குள் எத்தனை நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியாது. மழைக்காக ஜன்னலை மூடி வைத்திருந்தார். வாசனை வந்தது. ஆனால், குழந்தையின் அழுகைதான் காதில் நின்றது.

நான்காவது குச்சி பற்றியது. குப்பென்று அடுப்படியே வெளிச்சமானது.

"ஒரு கண்ணிமைக்கிற நேரம்தான்டா. முன்முடி, புருவம், இந்தக் கை. அன்னைக்குப் பருத்திப் புடவை கட்டியிருந்தேன். நைலானா இருந்திருந்தா உருகி உடம்போட ஒட்டியிருக்கும். நீ அடுப்படி வாசப்படியில உட்கார்ந்துக்கிட்டு இருந்தே. இன்னும் ரெண்டு அடி உள்ளே வந்திருந்தா..."

அம்மா அதற்கு மேல் சொல்லவில்லை.

காயத்தின் மேல் இட்லி மாவைப் பூசிக்கொண்டார். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. தீக்காயத்துக்கு முதலில் செய்ய வேண்டியது, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. மாவு, இங்க், பற்பசை எதையும் பூசக் கூடாது. ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. அவருக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

மாலையில் எல்லோரும் திரும்பி வந்தபோது, கருகிய முன்முடியைக் கத்தரித்துவிட்டு, "வடை சுட்டேன், எண்ணெய் தெறிச்சிடுச்சு" என்றார். உண்மையைச் சொன்னால் மறுநாளே அடுப்பு திரும்பிப் போயிருக்கும். மறுபடியும் விறகு, புகை, இருமல். அந்த ஒரு அடுப்புக்காக, அந்தப் பொய்யை 33 வருடம் சுமந்தார்.

"அப்பாகிட்டக்கூடச் சொல்லலையாம்மா?"

"அவர் போற வரைக்கும் சொல்லலை. ஆனா, அன்னையிலேர்ந்து எனக்குள்ள ஒரே ஒரு சட்டம்தான். குச்சி முன்னாடி, கேஸ் பின்னாடி. கையில நெருப்பு எரியாம நான் திருகைத் தொட்டதே இல்லை."

மகன் எதுவும் பேசவில்லை. கையிலிருந்த லைட்டரைப் படிக்கட்டில் வைத்தான். திறந்து கிடந்த கிரிலையும், அதற்கு ஓரடி தள்ளி மகள் நின்றிருந்த இடத்தையும் பார்த்தான்.

மூன்று தலைமுறை, ஒரு தீக்குச்சி

பத்து நிமிடம் முடிந்தது. "சரி, கத்திரிக்காய் அப்படியே கிடக்கு. இதைக் கையாலே பத்த வைக்க வழி இருக்கும். என்னன்னு பாரு" என்றார் அம்மா.

வழியைக் கண்டுபிடித்தது பேத்தி. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த லேபிளில், தீக்குச்சியால் பற்றவைப்பது எப்படி என்று வரிசையாக எழுதியிருந்தது. கிரில் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. யாரும் அதைப் படித்ததில்லை. பேத்தி ஆங்கிலத்தில் வாசித்தாள். மகன் தமிழில் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையாட்டினார். பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

முதலில் இடம். மகன் கிரிலை உருட்டிக்கொண்டு வந்து, சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் பத்தடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்தினான்.

அடுத்து டியூப். மருமகள் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தாள். எல்லாத் திருகுகளும் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் திறந்து, டியூபிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினார்கள். குமிழி கிளம்பினால் அங்கே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். குமிழி வரவில்லை. சிலிண்டரை மறுபடி மூடினார்கள். 'தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கிறேன்' என்று சிலர் நம் ஊரில் செய்வதுண்டு. அது மட்டும் கூடவே கூடாது.

பிறகு பர்னர் குழாய். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கிரிலின் குழாய்க்குள் சிலந்திகள் கூடு கட்டும் என்றது லேபிள். மகன் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தான். ஒரு குழாயின் வாயில் நிஜமாகவே வலை. கேஸ் போகும் வழி அடைபட்டால், அது பின்பக்கமாக வெளியே வந்து திருகு இருக்கும் இடத்திலேயே எரியும். மெல்லிய பிரஷ்ஷை விட்டுச் சுத்தம் செய்தான்.

கடைசியாக, கிரிலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டிச் சங்கிலி. முனையில் சுருள் கம்பி. நான்கு வருடமாக அது எதற்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தச் சுருளில் தீக்குச்சியைச் செருகிக்கொண்டால் கை நெருப்புக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் குச்சியை உள்ளே நீட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த ஓட்டையே.

"நான் பத்த வைக்கிறேம்மா" என்றான் மகன்.

"இரு இரு, நான் பார்த்துக்கறேன்" என்றார் அம்மா.

மருமகள் சிரித்துவிட்டாள். மகனும்தான்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மூடி முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாத் திருகுகளும் மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகனை சிலிண்டர் வால்வைத் திறக்கச் சொன்னார். "மெதுவா... மெதுவாத் திற."

அந்த 'மெதுவா'வுக்கும் காரணம் உண்டு. இந்த சிலிண்டர்களின் இணைப்பில் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. டியூப் அறுந்து கேஸ் பீறிட்டால், ஓட்டத்தை அதுவே குறைத்துவிடும். வால்வைச் சட்டென்று திறந்தாலும் டியூப் அறுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கேஸைக் குறைத்துவிடும். 'சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கு, ஆனா தீ முனகுதே' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

அம்மா குச்சியைச் சுருளில் செருகி உரசினார். அது நன்றாகப் பிடித்து எரியும் வரை பொறுத்தார். முகம் கிரிலுக்கு மேலே போகாமல் ஒரு பக்கமாக நின்றுகொண்டு, ஓட்டை வழியாகக் குச்சியை நீட்டினார். பர்னரின் பக்கத்தில் சுடர் போய் நின்றதும், "இப்ப திருப்பு" என்றார்.

ஓட்டைக்குப் பக்கத்திலிருந்த திருகை மட்டும் மகன் அழுத்தித் திருப்பினான். பேத்தி தூரத்தில் நின்று எண்ண ஆரம்பித்தாள். ஐந்து எண்ணுவதற்குள் பற்றாவிட்டால் உடனே மூடிவிட்டு, மூடியைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருந்துதான் மறுபடி முயல வேண்டும் என்று லேபிளில் இருந்தது.

இரண்டு எண்ணுவதற்குள் மெல்லிய ஒரு 'புஸ்' சத்தம். குழாய் நெடுக நீலப் பூக்கள்போலத் தீ வரிசையாக ஓடியது. அந்தத் தீயிலிருந்தே பக்கத்து பர்னர்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார்கள்.

நம் வீட்டுக்கும் இதேதான்

கிரில் நமக்கு வேண்டாம். ஆனால், அந்த அம்மாவின் சட்டம் நம் அடுப்படிக்கும் பொருந்தும். கைலைட்டர் வைத்திருக்கிறோம் என்பதால் பலரும் திருகைத் திறந்துவிட்டு 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருப்போம். மூன்று நான்கு தடவையில் பற்றாவிட்டால், மூடிவிட்டு, கேஸ் கலைந்த பிறகு அடுத்த முயற்சி செய்யுங்கள்.

அடுப்படிக்குள் நுழையும்போதே கேஸ் வாசனை வந்தால், எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. ஸ்விட்சுக்குள் வரும் சின்னப் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்து வாருங்கள். வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். இரவு படுக்கும் முன் அடுப்பின் திருகோடு ரெகுலேட்டரையும் மூடுவது நல்ல பழக்கம். அந்த அம்மா 33 வருடமாகச் செய்வது.

கொத்சு

ஃபிரிஸ்கோவில் ஜூலை மாதம் எட்டரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. அதுவரைக்கும் அம்மா கிரிலைவிட்டு நகரவில்லை. கத்திரிக்காய்களில் கத்தியால் அங்கங்கே கீறி, நல்லெண்ணெய் தடவி வைத்தார். கீறாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். தோல் கறுத்துச் சுருங்கச் சுருங்க, இடுக்கியால் திருப்பிப் போட்டார். கூடவே நான்கு சோளக்கதிர். பேத்திக்கு எலுமிச்சம்பழத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தார். கடைசியில் அப்பளம். எந்த அலாரமும் கத்தவில்லை.

எல்லாம் முடிந்ததும் மகன் பர்னர்களை அணைத்தான். வீட்டுக்குள் போகத் திரும்பியவன், நின்று, மறுபடி குனிந்து சிலிண்டர் வால்வையும் மூடினான். அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது தூரத்தில் வாணவேடிக்கை ஆரம்பித்தது. வெண்பொங்கலில் கொத்சுவை ஊற்றிக்கொண்டு மகன் மூன்றாவது முறை தட்டை நீட்டினான். பரிமாறிய அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, தழும்பின்மேல் விரலால் ஒருமுறை தடவினான்.

"எண்ணெய்னு சொன்னியேம்மா."

"இப்ப சொல்லிட்டேன்ல. சாப்பிடு, ஆறிடப்போவுது."

மறுநாள் மகன் பற்றவைக்கும் பட்டனைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரே ஒரு சின்ன பேட்டரி, ஈரத்தில் பச்சையாகப் பூத்துப்போய்க் கிடந்தது. புதிது போட்டதும் பொறி வந்தது. இனி தீக்குச்சி தேவையில்லை. ஆனாலும் நீளமான தீக்குச்சிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஈரம் படாமல் டப்பாவில் போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தான். அதன் பிறகு அம்மா அடுப்படியில் எதைத் தொட்டாலும் அவன் அவ்வளவாக, "இரு இரு" என்று சொல்வதில்லை.

பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அந்த வாரம் வீட்டுப்பாடம் எழுதிய பென்சிலாலேயே ஒரு அட்டையில் எழுதி, கிரிலின் அலமாரிக் கதவில், ஆங்கில லேபிளுக்குக் கீழே ஒட்டினாள்.

'குச்சி முண்ணாடி, கேஸ் பிண்ணாடி.'

அது மூன்று சுழி 'ண' இல்லை, இரண்டு சுழி 'ன' என்று அம்மாவுக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்கலாம், ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.